உயிருள்ள சோழியைப் பாறையிலேயே பார்க்க: குமரிக் கரைக்கான முழுமையான வழிகாட்டி

சோழி ஒரு கடல் நத்தை. தோட்டத்து நத்தை ஓட்டை முதுகில் சுமந்துகொண்டு ஊரும். சோழியோ தன் ஓட்டை உடலால் போர்த்திக்கொண்டு ஊரும். தாயம் உருட்டும்போது விரலில் வழுக்குகிறதே அந்தப் பளபளப்பு, உயிரோடு இருந்த காலமெல்லாம் சதைப் போர்வைக்குள் காக்கப்பட்டதால் வந்தது. அந்தப் போர்வை விரிவதைப் பார்த்தவருக்குத்தான் சோழியைப் பார்த்ததாகக் கணக்கு. அதற்கு ஆழ்கடலில் முங்க வேண்டாம், சோழியைப் பிடிக்கவும் வேண்டாம். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் நம் மாவட்டக் கரையில் பாறையுள்ள ஓர் இடம், நீர் வற்றும் நேரம், அசையாமல் உட்காரும் பொறுமை, இவ்வளவும் இருந்தால் ஆயிற்று.

முதல் படி: வீட்டில் இருக்கும் ஓட்டைப் படியுங்கள்

கரைக்குப் போகும் முன் பல்லாங்குழிப் பெட்டியிலோ தாயக்கட்டத்தோடோ கிடக்கும் ஒரு சோழியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய பக்கம் முதுகு. நீளமான பிளவுள்ள தட்டைப் பக்கம் அடி. பிளவின் இரு கரையிலும் வரிசையாகப் பல் பல்லாக இருக்கும். அவை கடிக்கும் பற்கள் அல்ல, ஓட்டின் மடிப்புகள். வாயைக் குறுக்கி நண்டின் கால் உள்ளே நுழையாமல் தடுக்க அவை உதவுகின்றன. மற்ற பல நத்தைகள் உள்ளே போனதும் வாயிலை அடைக்க ஒரு மூடி வைத்திருக்கும். சோழிக்கு மூடி கிடையாது, ஒடுங்கிய வாயே காவல்.

பெரும்பாலான சோழிகளில் சற்றுக் குறுகிய முனைதான் முன்பக்கம். தலையும் நீரை உள்ளே இழுக்கும் குழலும் அங்கிருந்து வெளிவரும். அகன்ற முனை பின்பக்கம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பாறை இடுக்கில் பாதி தெரியும் சோழி எந்தப் பக்கம் நகரப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கையில் இருப்பது ஒன்றரை முதல் மூன்று செ.மீ. அளவில், மஞ்சள் கலந்த வெள்ளையாய், ஓரங்கள் முண்டு முண்டாக இருந்தால் அது பணச்சோழி, மொனெட்டாரியா மொனெட்டா. லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட இனம் இது. மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாக வங்காளத்துக்குப் போய் நாணயமாகப் புழங்கியதும் இதுவே. முதுகில் பொன்னிற வளையம் இருந்தால் அதன் நெருங்கிய உறவான மொனெட்டாரியா அனுலஸ். உள்ளங்கையில் பாதியை அடைத்துக்கொண்டு, பழுப்புக் கோடுகள் எழுத்துப்போல் நெருக்கமாக ஓடினால் அது மௌரிட்டியா அராபிகா. இந்தியக் கரைகளில் பரவலாகக் காணப்படும் பெரிய சோழி அது. அதன் முதுகில் கோடுகள் இல்லாத வெளிறிய தடம் ஒன்று நீளவாக்கில் போவதைத் தேடிப் பாருங்கள். இரு பக்கத்திலிருந்தும் ஏறி வரும் போர்வைகள் சந்திக்கும் இடம் அது. செத்த ஓட்டிலும் அந்த உயிர் விட்டுப்போன தடம் இருக்கிறது.

இரண்டாம் படி: கரையையும் மாதத்தையும் தேர்ந்தெடுங்கள்

மணல் மட்டும் உள்ள கரையில் இந்தச் சோழிகளைத் தேடிப் பயனில்லை. கல்லும் பாறையும் இடுக்கும் வேண்டும். நம் மாவட்டத்தில் அது நிறையவே உண்டு: கன்னியாகுமரி முனையைச் சுற்றி, சின்னமுட்டம், முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் பக்கம். ஆனால் எல்லாப் பாறையும் பார்வைக்கு உகந்தவை அல்ல. முட்டத்தில் பாறைக்கு அடுத்த அடியே ஆழமாக இருக்கும் இடங்கள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே இறங்கக் கூடாது. அலையை முன்வரிசைப் பாறை வாங்கிக்கொள்ள, பின்னால் முழங்கால் அளவு நீரில் கல் கிடக்கும் இடமே நமக்கானது.

கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளில் ஏறித் தேடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். கொட்டிய கற்களுக்கு நடுவே ஆள் இறங்கும் இடைவெளி இருக்கும். கல் புரளும். அலை அடியிலிருந்து பீறிடும்.

மாதக் கணக்கு எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குப் பக்கக் கரை முழுவதும் கொந்தளிப்பு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழைவெள்ளம் கலந்து நீர் கலங்கிக் கிடக்கும், புயல் பயமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் நாட்கள் அதிகம். என் கணக்கில் சோழி பார்க்க அந்த மூன்று மாதங்களே சிறந்தவை.

மூன்றாம் படி: நீர் வற்றும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தைப் போல இங்கே கடல் பல நூறு அடி பின்வாங்காது. அதனால் நாளும் நேரமும் தவறினால் ஒன்றும் தெரியாது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை ஒட்டிய ஓரிரு நாட்களில் நீர் அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வற்றம் குறைவு. நாள்காட்டியில் திதியைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பார்த்து மணியை முடிவு செய்யுங்கள். வற்றத்தின் உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். நீர் இறங்கும்போது உள்ளே போய், ஏறத் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும்.

சோழிகள் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. பகலில் கல்லுக்கு அடியில், இடுக்கின் மேற்கூரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே அந்தியில் வற்றம் வரும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே வழியைப் பழகி, இருட்டத் தொடங்கும்போது சோழி கிளம்புவதைப் பார்க்கலாம். முழு இரவில் போவது, அந்தப் பாறையைப் பகலில் பலமுறை நடந்து அறிந்தவருக்கு மட்டும்.

நான்காம் படி: கடலை மதியுங்கள்

இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரைக் கடல் கொண்டுபோனது. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் அலைகள் இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று நீர் பொங்கும். ஏப்ரல், மே மாதங்களில் இது கூடுதல். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது இருக்கும் நாளில் பாறைப் பக்கமே போகாதீர்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும், இறங்கும் முன் கால் மணி நேரமாவது கரையில் நின்று அலையைப் பாருங்கள். நனைந்த பாறை என்றால் அங்கே அலை வந்து போகிறது என்று பொருள். தனியாகப் போகாதீர்கள். கடலுக்கு முதுகு காட்டிக் குனியாதீர்கள். ஒருவர் கல்லைப் பார்க்கும்போது மற்றவர் கடலைப் பார்க்க வேண்டும். பாறையில் சிப்பி எடுக்கும் ஆட்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்: “அண்ணே, இந்தப் பக்கம் எறங்கலாமா?” “இப்ப எறங்காதீங்க மக்களே, கடல் எழும்புது” என்று அவர் சொன்னால், அட்டவணை என்ன சொன்னாலும் திரும்பி விடுங்கள். நாள் முழுக்க அந்தப் பாறையோடு வாழ்கிறவர் அவர்.

வழுக்காத அடியுள்ள பழைய ஷூ, டார்ச், அதன் கண்ணாடியில் ஒட்டச் சிவப்பு செலோஃபேன் தாள், சிறு அளவுகோல், நீர் புகாத உறையில் போன். இவை போதும். வாளி, வலை, பாட்டில் எதுவும் வேண்டாம். எடுத்துப் போனால் எதையாவது போட்டு வைக்கத் தோன்றும்.

ஐந்தாம் படி: பாறையை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

எப்போதாவது மட்டுமே நீர் தெறிக்கும் மேல்பகுதியில் மிளகளவு நத்தைகள் வெடிப்புகளில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அவை சோழி அல்ல. அடுத்து வெள்ளைக் கூம்புகளாய் பார்னக்கிள்களும், பாறையோடு பாறையாய் அழுந்திய, தொப்பி வடிவ நத்தைகளான லிம்பெட்களும் வரும். அதற்குக் கீழே பழுப்புச் சிப்பிகள் அடர்ந்த பட்டை. அதையும் தாண்டி, கடற்பாசி படர்ந்து, வற்றத்திலும் நீர் விட்டு விலகாத தாழ்ந்த பகுதிக்கு வந்த பிறகே சோழியின் எல்லை தொடங்குகிறது.

அலை நேராக மோதும் இடத்தையும் ஒதுக்க வேண்டாம். மொனெட்டாரியா கபுட்செர்பென்டிஸ் என்ற சோழி அலையடிக்கும் பாறையையே விரும்பும். சாக்லேட் நிற ஓரம், முதுகில் வெண்புள்ளிகள், தட்டையாய் அகன்ற அடி. அலை பெயர்க்க முடியாதபடி தாழ்வாக ஒட்டிக்கொள்ள அந்த வடிவம் உதவுகிறது. ஆனால் அதை எட்ட நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கல்லைப் புரட்டும் முறை

முதலில் புரட்டாமலே தேடுங்கள். குனிந்து இடுக்குகளின் மேற்கூரையை டார்ச்சால் பாருங்கள். பாதிக்கு மேல் சோழிகள் அங்கேயே அகப்படும். புரட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு கையால் தூக்கக்கூடிய கல்லை மட்டும் தொடுங்கள். கல்லின் தொலைவான விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் இருப்பது எதிர்ப்பக்கமாகத் தப்பி ஓட வழி கிடைக்கும். விரலை உள்ளே விடாதீர்கள். கடல் முள்ளெலியும், முள்ளில் நஞ்சுள்ள மீன்களும் அதே இருட்டில்தான் இருக்கும்.

பார்த்து முடித்ததும் கல்லை அதே இடத்தில், அதே பக்கம் மேலாக, மெதுவாக வையுங்கள். கல்லின் மேற்புறம் வெயிலில் வளர்ந்த பாசிக்குச் சொந்தம், கீழ்ப்புறம் கடற்பஞ்சுக்கும் முட்டைகளுக்கும் சொந்தம். மாற்றி வைத்தால் இரண்டு பக்கமும் சாகும். அந்தக் கடற்பஞ்சும் பாசியுமே பல சோழிகளின் சாப்பாடு. கல்லைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போகிறவர் அடுத்த முறை வந்து தேடும்போது அங்கே சோழி இருக்காது.

ஏழாம் படி: போர்வை விரியும் வரை காத்திருங்கள்

இந்த வழிகாட்டியின் நோக்கமே இந்தப் படிதான். அவசரம் வேண்டாம்.

சோழியைக் கண்டதும் பெரும்பாலும் தெரிவது வழவழப்பான ஓடு மட்டுமே. கல் அசைந்ததிலும் வெளிச்சத்திலும் அது தன்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். நிழல் அதன்மேல் விழாதபடி நகர்ந்து உட்காருங்கள். வெள்ளை வெளிச்சத்தை அணைத்துவிட்டு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சிவப்பு ஒளி அதை அவ்வளவாகக் கலைக்காது. நீர் அசையாமல் இருக்கட்டும்.

முதலில் முன்முனையில் குட்டையான குழல் ஒன்று நீளும். நீரை உள்ளே இழுத்து, அதில் கரைந்து வரும் வாடையைச் சோதிப்பதற்கான குழல் அது. சோழி வெளியுலகைக் கண்ணைவிட மூக்கால்தான் அதிகம் அறிகிறது. பிறகு இரண்டு மெல்லிய உணர்கொம்புகள் வரும். அவற்றின் அடிப்பகுதியில் சிறு கரும்புள்ளிகளாகக் கண்கள் இருக்கும். தலைக்குப் பின்னால் அகன்ற பாதம் கல்லின்மேல் படரும்.

இப்போது ஓட்டின் இரு ஓரங்களையும் பாருங்கள். அடியிலிருந்து மெல்லிய சதை விளிம்பு மேலேறத் தொடங்கும். பாடப்புத்தகத்தில் மேன்டில் என்று படித்த போர்வை இதுவே. வலமும் இடமுமாக ஏறி, முதுகின் உச்சியில் இரண்டும் சந்திக்கும்போது ஓடு முழுவதும் மறைந்துவிடும். பளபளவென்று இருந்த பொருள் கண்முன்னே சொரசொரப்பான, பாசி பிடித்த கல்லாக மாறும். போர்வையின் மேல் காம்புகள் எழும்பும். சில இனங்களில் அவை மொட்டை முளைகள், சிலவற்றில் கிளை பிரிந்த இழைகள். நிறமும் இனத்துக்கு இனம் மாறும். ஓட்டின் நிறத்துக்கும் போர்வையின் நிறத்துக்கும் தொடர்பே இல்லாமல்கூட இருக்கும். ஓட்டை மட்டும் பார்த்துச் சோழியை அறிந்தவருக்கு இந்த உருவம் வேறொரு விலங்காகவே தெரியும்.

இந்தப் போர்வை செய்யும் வேலைகள் பல. ஓட்டின் மேல் புதிது புதிதாக மெருகுப் படலத்தைப் படிய வைக்கிறது. கீறல்களை மூடுகிறது. பாசியும் பார்னக்கிளும் ஓட்டில் குடியேற விடாமல் தடுக்கிறது. எதிரியின் கண்ணிலிருந்து உருவத்தைக் கலைக்கிறது. மற்ற கடல் நத்தைகளின் ஓட்டில் எத்தனை துளையும் பாசியும் ஒட்டுண்ணியும் இருக்கின்றன என்று பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள், போர்வையின் அருமை புரியும்.

ஒருமுறை மட்டும், உங்கள் கைநிழலை அதன்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். போர்வை இரு பக்கமும் வழிந்து இறங்குவதைக் காணலாம். திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது மேய்ச்சலை விட்டு ஒளிகிறது. நண்டும் ஆக்டோபஸும் துரத்தும் உலகத்தில் நாமும் ஒரு தொல்லையாக வேண்டாம்.

தொந்தரவு இல்லாவிட்டால் அது மேயத் தொடங்கும். தலையைக் கல்லோடு அழுத்தி, இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டு போகும். வாய்க்குள் இருக்கும் ராடுலா என்ற பட்டையில் வரிசைக்கு ஏழு நுண்பற்கள். அதை முன்னும் பின்னும் இழுத்துப் பாசியையோ கடற்பஞ்சையோ சுரண்டி எடுக்கும். போன இடத்தில் பாசி மெலிந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: குட்டியையும் தாயையும் அடையாளம் காணுங்கள்

கல்லுக்கு அடியில் மெல்லிய ஓடும் அகன்ற வாயும் கொண்ட, பல்லே இல்லாத சிறு நத்தை ஒன்றைக் கண்டால் வேறு இனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குட்டிச் சோழி அப்படித்தான் இருக்கும். பின்முனையில் சுருளும் தெரியும். வளர்ந்து முடியும் கட்டத்தில் வாயின் வெளி உதடு உள்நோக்கி மடங்கி, பற்கள் உருவாகி, சுருள் மெருகுக்கு அடியில் புதைந்து போகும். அதன்பின் சோழி நீளத்தில் வளராது, ஓடு தடிப்பது மட்டும் நடக்கும். ஆகவே சிறிய சோழி இளையது, பெரிய சோழி மூத்தது என்று நினைக்கக் கூடாது. உதடு மடங்கியிருக்கிறதா என்பதே வயதுக்கு வந்ததன் அடையாளம்.

ஒரு சோழி எவ்வளவு நேரமானாலும் இடம் நகராமல், பாதத்தை விரித்து உட்கார்ந்திருந்தால் உடனே கல்லை இருந்தபடி வைத்துவிடுங்கள். அது முட்டைமேல் இருக்கும் தாயாக இருக்கலாம். பெண் சோழி நூற்றுக்கணக்கான சிறு முட்டைப் பைகளை ஒரே குவியலாகக் கல்லில் ஒட்டி, குஞ்சு பொரியும் வரை பாதத்தால் மூடிக் காக்கும். தாயை எடுத்துவிட்டால் அந்தக் குவியல் மீன்களுக்கும் நண்டுகளுக்கும் இரை. பொரிந்த குஞ்சுகள் இரு மடல் விரித்து நீந்தும் லார்வாக்கள். நீரோட்டம் கொண்டுபோகும் இடத்தில் கரைசேர்ந்துதான் அவை நத்தையாகின்றன.

ஒன்பதாம் படி: கூம்புச் சங்கைத் தொடாதீர்கள்

அதே கல்லுக்கடியில் கூம்புச் சங்கும் இருக்கலாம். ஒரு முனை அகன்று தட்டையாகவும் மறுமுனை கூர்ந்தும் இருக்கும். வாய் நெடுக ஒரு நேர்க்கோடு, பற்கள் கிடையாது. கோனஸ் டெக்ஸ்டைல் என்ற இனத்தின் ஓட்டில் வெள்ளை முக்கோணங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு மிக அழகாக இருக்கும். அழகே ஆபத்து: கையில் எடுக்கத் தோன்றும். கூம்புகளில் ராடுலாப் பல் ஈட்டியாக மாறியிருக்கிறது. துதிக்கைபோல் நீளும் உறுப்பால் அதை எய்து நஞ்சைச் செலுத்தும். ஓட்டின் பின்முனையைப் பிடித்தாலும் அந்த உறுப்பு எட்டக்கூடும். கோனஸ் ஜியோகிராஃபஸ் மனிதர்களைக் கொன்றிருக்கிறது. டெக்ஸ்டைல் மற்ற நத்தைகளை வேட்டையாடும் இனம், சோழியும் அதன் இரைப் பட்டியலில் உண்டு.

பட்டுவிட்டால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. பட்ட கையையோ காலையோ அகலத் துணியால் சுற்றி, அசையாமல் கட்டி, 108-ஐ அழையுங்கள். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. மூச்சு நின்றுவிடாமல் தாங்கிக்கொள்ள மருத்துவமனை வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கோனஸ் மேகஸின் நஞ்சை அடிப்படையாகக் கொண்டு உருவான சிகோனோடைடு என்ற வலிமருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உயிரைப் பறிக்கும் அதே பொருள் தாங்க முடியாத வலியையும் தணிக்கிறது. ஆனாலும் நாம் பார்வையோடு நிறுத்திக்கொள்வோம்.

பத்தாம் படி: கடைத்தெருவில் ஓட்டைப் பார்க்கும் முறை

கன்னியாகுமரியில் சங்குக் கடைகளைத் தாண்டாமல் கடற்கரைக்குப் போக முடியாது. கடைகளில் இருப்பதெல்லாம் நம் கடலில் எடுத்தவை அல்ல, பல வேறு கடல்களிலிருந்து வருபவை. வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, இனங்களை ஒப்பிட்டுப் பழக நல்ல இடம். அங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். சோழி செத்ததும் போர்வை அழிகிறது, மெருகிடும் வேலை நிற்கிறது. மணலில் உருண்டு வெயிலில் காயும் ஓடு சீக்கிரமே மங்கி, கீறல் விழுந்து, வெளுத்துவிடும். கண்ணாடியாக மின்னும் சோழி கரையில் கிடந்து பொறுக்கியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. உயிரோடு பிடித்து, கொன்று, சுத்தம் செய்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இதை அறிந்த பிறகு நான் மின்னும் சோழி வாங்குவதில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

சட்டமும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001-ல் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலி இனங்கள் பல சேர்க்கப்பட்டன. சோழிகளில் லிமசினா, மாப்பா, டால்பா ஆகியவை அதில் உள்ளன. கரையில் கிடக்கும் மங்கிய ஓட்டையும் எடுக்கும் முன் புரட்டிப் பாருங்கள். துறவி நண்டு குடியிருந்தால் அது அதன் வீடு.

கடைசிப் படி: பதிவு செய்யுங்கள்

படம் எடுக்கும்போது நான்கு நிலைகள் முக்கியம்: போர்வை மூடிய நிலை, பாதி இறங்கிய நிலை, ஓடு தெரியும் நிலை, பக்கத்தில் அளவுகோலோடு ஒன்று. அடிப்பக்கப் படத்துக்காகச் சோழியைப் பெயர்க்க வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தாலே ஓரமும் பல்லும் ஓரளவு தெரியும். தேதி, மணி, திதி, நீர் எவ்வளவு வற்றியிருந்தது, கல்லுக்கு மேலா அடியிலா, மேய்ந்துகொண்டிருந்ததா ஒளிந்திருந்ததா என்பதை அன்றே குறித்து வையுங்கள். ஒரே பாறையைப் பருவம் தோறும் பார்த்து வந்தால், எந்த மாதத்தில் முட்டை தெரிகிறது, எப்போது குட்டிகள் வருகின்றன என்பது உங்கள் குறிப்பேட்டிலேயே தெளிவாகும். முனைக்குக் கிழக்கே ஒரு பாறை, மேற்கே ஒரு பாறை என்று இரண்டைத் தொடர முடிந்தால் இன்னும் நல்லது. இரு பக்கத்துக் கடலும் கலங்கும் காலம் வேறு வேறு.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் இனத்தை உறுதி செய்ய உலகின் பல பகுதியினரும் உதவுவார்கள். ஏற்றும்போது இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். சோழி நிறைந்த பாறையின் வரைபடப் புள்ளி, விற்பதற்காகத் தேடி வருகிறவர் கைக்கும் போகும்.